ஊசிகளுக்கு ஓய்வு நாள்

நீளத்துக்கு மீட்டர், எடைக்குக் கிலோ, வலிக்குக் குழல். ஆறாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் இப்படி ஒரு வரி உண்டு. வரிக்குக் கீழே ஒரு பெட்டி கட்டி, அலகுக்குப் பெயர் தந்த விஞ்ஞானியின் சிறிய படத்தையும் போட்டிருந்தார்கள்.

டாக்டர் குழல்வாய்மொழிக்கு அந்தப் படம் பிடிக்காது. அதில் அவள் மூக்குக் கண்ணாடி சரிந்து, யாரையோ கோபித்துக்கொள்வது போல் இருப்பாள். ஆனால் அந்த வரி பிடிக்கும். பெருமை என்றால் பெருமைதான், மறைத்து என்ன ஆகப்போகிறது? அவள் தினமும் கும்பிடுகிற அம்மனின் பெயரைத்தான் அப்பா அவளுக்கு வைத்திருந்தார். அந்தப் பெயரின் முதல் மூன்றெழுத்து இன்று தமிழ்நாடு முழுக்க ஆஸ்பத்திரி வாசல்களில் புழங்கியது. பஸ்ஸில் யாராவது, "இடுப்புல அம்பது குழல் இருக்கும்யா, உக்கார விடு" என்று இடம் கேட்பார்கள். கல்யாண வீட்டில் ஒருத்தி தன் மாமியாரின் பேச்சு நூறு குழல் தாண்டும் என்று சொல்லிச் சிரிப்பாள். அதைக் கேட்டுக்கொண்டு, தான் யார் என்று சொல்லாமல் பாயசம் குடிப்பதில் குழல்வாய்மொழிக்கு ஒரு தனிச் சுகம்.

அந்த அலகு பிறந்த இடம் எலிக்கூண்டு. செண்பகநல்லூர் நரம்பாய்வு நிலையத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், எலிக்கு வலிக்கிறதா என்று தெரிந்துகொள்ள அதன் பாதத்தில் நைலான் இழையால் குத்திப் பார்ப்பார்கள். காலை இழுத்துக்கொண்டால் வலி, இழுக்காவிட்டால் வலி இல்லை. 'பயந்துபோய் அசையாமல் கிடக்கிற எலிக்கு வலி இல்லையென்று யார் சொன்னது?' என்பதுதான் அவளுக்கு முதலில் எழுந்த கேள்வி. வாயில்லாத ஜீவன் சொல்லாமலே அதன் வலியைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று பிடிவாதமாகப் பல வருஷம் உழைத்தாள். எலியின் தோலுக்கடியில் பதிக்கும் ஒரு சிறு மணி செய்தாள். கடுகளவுதான் இருக்கும். நிலையத்தில் எல்லோரும் அதைக் 'கடுகு' என்றே சொன்னார்கள். ரத்தத்தில் இருப்பதைப் படித்து அது ஓர் எண் சொல்லும். இரக்கத்தில் பிறந்த கருவி அது. அதில் அவளுக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

எலிக்கு வந்தது நாலு வருஷத்துக்கு முன்பு மனிதருக்கும் வந்தது. மனிதருக்குக் கடுகு வேண்டாம், விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் போதும். நாற்பது குழலுக்கு மேலே இருந்தால் அரசாங்க ஆஸ்பத்திரியில் நரம்பு வலி மாத்திரை. கீழே இருந்தால் கிடையாது. அதற்கு முன்பெல்லாம் சிபாரிசு உள்ளவர்களுக்கும் சத்தம் போடத் தெரிந்தவர்களுக்கும்தான் மாத்திரை கிடைத்தது. குழல் வந்தபின் எல்லோருக்கும் ஒரே கோடு.

ஒரு செவ்வாய்க்கிழமை அவள் தன் மதினி பூரணத்தை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். கணவருடைய அக்கா. சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள், கணவனை இழந்தபின் தம்பி வீட்டோடு இருந்தாள். சர்க்கரை நோயில் இரண்டு பாதமும் எரியும்.

நர்ஸ் சொட்டு ரத்தத்தைக் கருவியில் வைத்துப் பார்த்தாள். "முப்பத்தொண்ணு. மாத்திரை கிடையாதும்மா. அடுத்த மாசம் வாங்க."

"போர்வை பட்டாலே கங்கு அள்ளிப் போட்ட மாதிரி இருக்கு தாயி" என்றாள் பூரணம்.

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்லுதாங்க. அடுத்த ஆளு வாங்க."

திரும்பும்போது ஆட்டோவில் பூரணம் சிரித்துக்கொண்டே கேட்டாள். "குழலு, நீ பெத்த பிள்ளைதானே அது. ஒரு பத்து கூட்டிச் சொல்லச் சொல்லேன்."

"அது யார் சொல்லியும் கேக்காது மதினி. நரம்பு கெட்டுப்போனா சும்மா கிடக்காது, உள்ளுக்குள்ள கொதிக்கும். கொதிக்கையில சில சரக்கை ரத்தத்துல கலந்து விடும். அழற்சிப் பொருள்னு சொல்லுவோம். அது எவ்வளவு இருக்குன்னு பார்த்தா வலி எவ்வளவுன்னு தெரிஞ்சுபோகும்."

"எலிக்குத் தெரியும், சரி. எனக்கு?"

"எலிக்கும் மனுசருக்கும் ஒரே கணக்குதான். வாய் கூட்டிக் குறைச்சுச் சொல்லும் மதினி. ரத்தம் சொல்லாது."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது என்ன என்று அவளுக்கு உறைத்தது. பூரணத்தின் சிரிப்பு போய்விட்டது.

"அப்ப நான் பொய் சொல்லுதேனா குழலு?"

ஆட்டோக்காரர் வழக்கத்துக்கு அதிகமாக ஹாரன் அடித்துக்கொண்டு போனார்.

* * *

நாற்பது என்ற கோட்டை வருஷா வருஷம் சரிபார்க்கும் பொறுப்பு தமிழ்நாட்டில் இருபது நிலையங்களுக்கு இருந்தது. அதில் செண்பகநல்லூரும் ஒன்று. ஒவ்வொன்றிலும் நரம்பு கெட்ட எலிகள் ஒரு பக்கம், நல்ல எலிகள் ஒரு பக்கம். எல்லாவற்றின் உடம்பிலும் கடுகு. கடுகு சொல்வது சரிதானா என்று பார்க்க, தினமும் எல்லா எலிகளின் பாதத்திலும் நைலான் இழையால் குத்த வேண்டும், வாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுக்க வேண்டும். ஒரு நாள்கூட விடக்கூடாது. விட்டால் அந்த நிலையத்தின் அங்கீகாரம் போய்விடும். சட்டம் அப்படி.

ஆனால் ஆயுத பூசை என்று ஒன்று இருக்கிறதே!

அன்று காலை ஊசி, இழை, கத்தரி, ரத்தம் சுழற்றும் இயந்திரம் எல்லாவற்றையும் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, வாழையிலைமேல் பரப்பிவிடுவார்கள். பூசையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் விஜயதசமி பூசை முடியாமல் எடுக்கக் கூடாது. எடுத்து ஒரு ஜீவனைக் குத்த யாருக்குக் கை வரும்? அதனால் அந்த ஒரு நாள் எலிகளை எவரும் தொடமாட்டார்கள். தீனியும் தண்ணீரும் வைத்துவிட்டு வந்துவிடுவார்கள். கணக்கில் மட்டும் முந்தைய நாள் எண்ணையும் அடுத்த நாள் எண்ணையும் கூட்டி இரண்டால் வகுத்துப் போட்டுவிடுவது. குழல்வாய்மொழியும் வருஷா வருஷம் அதற்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். தப்பு என்று யாரும் நினைத்ததில்லை. ஒருநாள்தானே.

பூசைக்குப் பொரி, கடலை, பூசணிக்காய் எல்லாம் வாங்கி வருவது எலிக்கூடத்தின் இளம் விஞ்ஞானி பீர்முகமது. "எங்க வீட்டுப் பிரியாணிக்கு நீங்க பாத்திரத்தோட வந்து நிக்கலையா? அது மாதிரிதான்" என்று, கேட்பவர்களிடமெல்லாம் சொல்லுவான். பொரியில் வெல்லம் கலக்கும் விகிதம் அவனுக்குத்தான் சரியாக வரும்.

அந்த வருஷம் ஒன்று மாறியிருந்தது. அதுவரைக்கும் கடுகைப் படிக்க ஒரு கைக்கருவியை எலிமேல் வைக்க வேண்டும். அந்தக் கைக்கருவியும் பூசை இலையில்தான் உட்கார்ந்திருக்கும். இந்த வருஷம் வந்த புதுக் கடுகு தானாகவே எண்ணை அனுப்பியது. எலிக்கூடத்துச் சுவரில் ஒரு திரை மாட்டியிருந்தார்கள். பூசை நாளில் அதற்கும் பொட்டு வைத்தார்கள், ஆனால் அணைக்க மறந்துவிட்டார்கள்.

விஜயதசமியன்று காலையில் குழல்வாய்மொழி உள்ளே வந்தபோது, பீர்முகமது கைநிறையப் பொரியோடு திரைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். மெல்லுவதை மறந்து வாய் நின்றிருந்தது.

"என்னய்யா, சிலை மாதிரி?"

"மேடம், இந்த நல்ல எலிங்க வழக்கமா எவ்வளவு காட்டும்?"

"இருபத்தஞ்சு. என்ன கேள்வி இது? ஜீவன்னா அவ்வளவு கொதிப்பு இயல்பாவே இருக்கும்."

"இப்ப பாருங்க."

மூன்று. இரண்டு. நான்கு. மூன்று. ஒரு வரிசை முழுக்க அப்படியே.

"கடுகு கெட்டுப்போச்சா?"

"எல்லாக் கூண்டுலயும் ஒரே நாள்ல பேசி வெச்சுக்கிட்டா கெடும்? அடுத்த வரிசையப் பாருங்க." நரம்பு கெட்ட எலிகள். அறுபத்தைந்து காட்டுபவை இன்று நாற்பதில் நின்றன. "இதுங்களுக்கு வலி போயிட்டுன்னு நினைக்காதீங்க. காலத் தூக்கிக்கிட்டுத்தான் நடக்குதுங்க. நான் பார்த்துட்டேன்."

குழல்வாய்மொழி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நேற்று இந்த எலிகளுக்கு என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. அதுதான் விஷயம்.

"பீர், பூசை முடிஞ்சு ஊசி எடுத்தா, பாதிக் கூண்டுக்கு மட்டும் குத்துங்க. மீதியத் தொடாதீங்க."

அன்று சாயங்காலம், குத்திய எலிகள் மறுபடி பழைய எண்ணுக்கு ஏறி நின்றன. குத்தாதவை அசையவில்லை. நல்ல எலி மூன்றிலும், கெட்ட நரம்பு எலி நாற்பதிலும் அப்படியே இருந்தன.

"அப்ப அந்த இருபத்தஞ்சு எலியோட வலி இல்ல" என்றான் பீர்முகமது. "அது..."

"நம்ம கையோடது" என்றாள் அவள்.

வலியை அளக்கப் போய், அளக்கிற ஊசியின் காயத்தையும் அந்தக் கை கூண்டுக்குள் வருகிற பயத்தையும் சேர்த்தே அளந்திருக்கிறார்கள். ஒரு நாள்கூட விடாமல் குத்தியதால், குத்தாத நாள் எப்படி இருக்கும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஊசிகள் ஓய்ந்த ஒரே நாளையும் கூட்டி வகுத்து மூடிவிட்டார்கள்.

"அப்ப நாற்பதுன்னு நாம போட்ட கோட்டுல கிட்டத்தட்ட இருபத்தஞ்சு நம்மளோடது" என்று பீர்முகமது விரல்விட்டு எண்ணினான். "நெசமான கோடு பதினஞ்சு. மனுசங்கள யாரும் தினமும் குத்தலியே மேடம்? அவங்க ரத்தத்துல இருக்கிறது அத்தனையும் அவங்க வலிதான். பதினஞ்சுக்கு மேல இருந்தாலே..." அவன் நிறுத்திக்கொண்டான். அவள் முகத்தைப் பார்த்திருப்பான்.

முப்பத்தொன்று. அவள் மனதில் அந்த எண் மட்டும்தான் நின்றது. நாலு வருஷமாக எத்தனை பேர், எத்தனை ஊரில், தன் பெயரைச் சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டிருப்பார்கள்? எத்தனை பேருடைய வீட்டில், ரத்தம் பொய் சொல்லாது என்று யாராவது படித்தவர்கள் விளக்கியிருப்பார்கள்?

* * *

நிலையத்தின் இயக்குநர் ஆவுடையப்பன் கெட்ட மனிதர் இல்லை. யார் வீட்டு விசேஷத்துக்கும் முதல் ஆளாக வந்து பந்தி விசாரிப்பவர். எல்லாவற்றையும் கடைசிவரை கேட்டார்.

"அம்மா, அடுத்த மாசம் சென்னைக் கூட்டம் இருக்கு. நாற்பதை நிரந்தரச் சட்டமா ஆக்கப்போறாங்க. மாத்திரை மட்டுமில்ல, விபத்து நட்டஈடு, உடம்பு முடியாதவங்க பென்ஷன், எல்லாத்துக்கும் இதுதான் கோடு. தெரியுமா?"

"தெரியும் சார். அதனாலதான் சொல்லுதேன்."

"சொல்லணும்னா, அன்னைக்கு நாம ஊசி எடுக்கலைன்னும் சொல்லணும். அங்கீகாரம் போயிரும். இங்க வேலை பாக்குற அத்தனை பேரும் வீட்டுக்குப் போகணும். அலகும் போகும். உங்க பேரும் போகும். பாடப் புத்தகத்துல இருக்கிற பேரும்மா!" அவர் குரலைத் தாழ்த்தினார். "சட்டம் வரட்டும். அடுத்த வருசம் மெல்ல, வேற ஏதாவது ஒரு ஆராய்ச்சின்னு சொல்லித் திருத்திக்கலாம். இந்த வருசம் அந்த நாளுக்கு என்ன எழுதியிருக்கு?"

"இன்னும் ஒண்ணும் எழுதல."

"எப்பவும் போல எழுதிருங்க. ஒரு வருசம்தானே."

ஒருநாள்தானே என்று அவளும் வருஷா வருஷம் சொல்லிக்கொண்டதுதான் இது. கொஞ்சம் நீண்டிருந்தது, அவ்வளவுதான்.

அன்று மாலை கோயிலில் அம்மன் முன்னால் வெகுநேரம் நின்றாள். என்ன கேட்பது என்று தெரியவில்லை. பெயரைக் காப்பாற்று என்று கேட்க நாக்கு கூசியது. பெயர் அம்மனுடையது, அவளுடையதா என்ன? குருக்கள் விபூதி கொடுத்தார். வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

பூரணம் அடுப்படியில் நின்று தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்டோவில் நடந்ததற்குப் பிறகு ஒரு சொல்கூட அதைப் பற்றிப் பேசாதவள்.

"வா, உன் முகம் காலையிலிருந்தே வாடிக் கிடக்கு. ஆபீசுல எதையும் தின்னிருக்க மாட்ட. உனக்குப் பிடிக்கும்னு வெங்காயம் போட்டிருக்கேன்."

"ஏன் மதினி நின்னுக்கிட்டு வார்க்கீங்க? கால் எரியுமே?"

"முப்பத்தொண்ணுதானே! அதெல்லாம் நிக்கலாம்" என்று சொல்லிப் பூரணம் தோசையைத் திருப்பிப் போட்டாள்.

அதில் குத்தல் இல்லை. கோபமும் இல்லை. படித்தவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தன் எரிச்சலையே சந்தேகப்படத் தொடங்கியிருந்தாள் அந்த மனுஷி. குழல்வாய்மொழி அவள் கையிலிருந்து தோசைத் திருப்பியை வாங்கி வைத்தாள். அவளை நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு அகலப் பாத்திரத்தில் தண்ணீர் கொண்டுவந்து அந்தப் பாதங்களை அதில் வைத்தாள்.

"என்னட்டி இது, நீ போய் என் காலத் தொட்டுக்கிட்டு..."

"மதினி, நீங்க பொய் சொல்லல. என் எண்ணுதான் பொய் சொல்லிட்டு."

"என்ன சொல்லுத?"

"சென்னைக்குப் போறேன். அங்க போய்ச் சொல்லப்போறேன். வந்து முழுசாச் சொல்லுதேன்."

பூரணத்துக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஆனாலும் ஈரக் கையால் அவள் தலையைத் தொட்டு, "போயிட்டு வா. தோசை கருகுது பாரு" என்றாள்.

* * *

சென்னைக் கூட்டத்தில் மற்ற பத்தொன்பது நிலையங்களின் தலைவர்களும் உட்கார்ந்திருந்தார்கள்; அலகுக்குப் பெயர் தந்தவள் என்பதால் செண்பகநல்லூருக்காக அவளே பேச வேண்டியிருந்தது. தலைமை வகித்தவர் டாக்டர் சேஷகிரி. எதற்கும் சிரிக்காதவர், ஆனால் எவரையும் பேசவிடாமல் மறித்ததில்லை என்று பெயர். குழல்வாய்மொழி மேடையேறியபோது எல்லோரும் கைதட்டினார்கள். இந்த நாட்டில் உயிரோடு இருக்கும்போதே அலகுக்குப் பெயர் தந்தவர்கள் எத்தனை பேர்! கைதட்டல் முடியும் வரை அவள் தலைகுனிந்து நின்றாள். அதுதான் கடைசிக் கைதட்டல் என்று நினைத்துக்கொண்டாள். பின்வரிசையில் பீர்முகமது உட்கார்ந்திருந்தான். வரவேண்டாம் என்று சொல்லியும், "பொரி வாங்கினது நான்தானே மேடம், குற்றத்துல எனக்கும் பங்கு உண்டு" என்று சொந்தச் செலவில் ரயிலேறி வந்துவிட்டான்.

எதையும் மறைக்காமல் சொன்னாள். ஆயுத பூசை, இலையில் வைத்த ஊசிகள், கூட்டி வகுத்த எண், வருஷா வருஷம் போட்ட கையெழுத்து, திரையில் தெரிந்த மூன்றும் நான்கும், சாயங்காலம் மறுபடி ஏறிய இருபத்தைந்து.

"நாற்பதுங்கிற கோடு தப்பு. அதுல பாதிக்கு மேல நம்ம ஊசியோட வலி. அந்தக் கோட்டை வெச்சு நாம மனுசங்களத் திருப்பி அனுப்பிட்டு இருக்கோம். இதச் சட்டம் ஆக்காதீங்க."

சேஷகிரி பேனாவை மூடினார்.

"டாக்டர், ஒரு நாளும் விடக்கூடாதுன்னு விதி. விட்டதா நீங்களே சொல்றீங்க. உங்க நிலையத்தோட அங்கீகாரம் பத்தி நான் முடிவெடுத்தாகணும், தெரியும் இல்லையா?"

"தெரியும் சார்."

"இன்னொண்ணு. ஒரே ஒரு நிலையம். ஒரே ஒரு நாள். உங்க ஊர் எலிக்கூடத்துல அன்னைக்கு வேற ஏதாவது காரணம் இருந்திருக்கலாம். இத வெச்சு மாநிலம் முழுக்க இருக்கிற கோட்டை எப்படி மாத்தச் சொல்றீங்க?"

நேர்மையான கேள்விதான். இன்னும் ஒரு மாதம் குத்தாமல் பார்த்தால் சொல்லலாம். ஆனால் இனி அவளுக்கு எலிக்கூடமே இருக்காது.

"சார்." நடு வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்தார். டாக்டர் மெர்சி ஞானசெல்வி, மதுரைப் பக்கத்து நிலையம். கையில் செல்பேசி. "எங்க இடத்துலயும் அன்னைக்கு யாரும் ஊசி எடுக்கல."

"என்ன?"

"ஆயுத பூசை அன்னைக்கு யாரு சார் எடுப்பா? நான் சர்ச்சுக்குப் போறவ. ஆனா எங்க பசங்க இலையில வெச்சத எடுன்னு சொல்ல எனக்கு வாய் வரல. நாங்களும் கூட்டி வகுத்துத்தான் போட்டோம். ஆனா புதுக் கடுகு அன்னைக்கும் எண் அனுப்பியிருக்கு. நான் இதுவரைக்கும் திறந்து பார்க்கவே இல்ல. இப்ப மேடம் பேசுறப்போதான் பார்த்தேன்." திரையை உயர்த்திக் காட்டினார். "நல்ல எலி. நாலு காட்டுது சார்."

அவர் உட்காரவில்லை. அவர் நிற்பதைப் பார்த்து ஈரோட்டுப் பக்கத்திலிருந்து வந்த பொன்னுரங்கம் எழுந்தார். "நம்முளுதுலயும் அதேதானுங்க. ரெண்டு காட்டுதுங்க."

"எங்களுக்கு மூணு."

"மூணு."

"நாலு. ஒரு எலி மட்டும் ஏழு. அதுக்குக் காதுல புண்ணு."

ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஏலத்தில் சொல்வது போல எண்கள் வந்துகொண்டே இருந்தன. ஒரு தலைவர் மட்டும் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். "எங்க நிலையத்துல பூசை எல்லாம் கிடையாது. அறிவியல் கூடத்துல அதுக்கு இடமில்ல" என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமினார். "ஆனா அன்னைக்கு ஊசி போடுற ஆளுங்க யாரும் வேலைக்கு வரல. எல்லாரும் லீவு. நான் மட்டும் போய்த் தீனி வெச்சுட்டு வந்தேன்." அவரும் எழுந்தார். "மூணு."

அரங்கமே சிரித்துவிட்டது. பீர்முகமது பின்வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

மேடையில் அவளோடு சேர்த்து இருபது பேரும் நின்றார்கள். இத்தனை வருஷம் ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் தப்புச் செய்வதாக நினைத்துத் தனித்தனியே ஒளித்து வைத்திருந்தது, ஒன்றாகச் சேர்ந்ததும் சான்றாக மாறி நின்றது. இப்படியொரு சோதனையைத் திட்டம் போட்டு நடத்தியிருந்தால்கூட இவ்வளவு சுத்தமாக வந்திருக்காது. மாநிலம் முழுக்க, ஒரே நாளில், ஒரே நேரத்தில், இருபது இடத்தில் கைகள் எலிகளை விட்டு விலகி இருந்திருக்கின்றன. மேடையில் நின்ற குழல்வாய்மொழிக்கு நெஞ்சு விம்மியது. தன் பெயரைப் புத்தகத்தில் பார்த்த அன்றுகூட இப்படி விம்மியதில்லை. இவர்கள் எல்லோரும் என் ஆட்கள் என்று தோன்றியது.

சேஷகிரி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"சட்டப்படி பார்த்தா இருபது நிலையத்துக்கும் அங்கீகாரத்த ரத்து பண்ணணும்" என்றார். "பண்ணினா அப்புறம் நான் ஒருத்தன்தான் உக்காந்து எலி வளர்க்கணும். எனக்கு எலின்னா பயம்."

அவர் சிரித்ததை அன்றுதான் எல்லோரும் பார்த்தார்கள்.

சாயங்காலத்துக்குள் முடிவாயிற்று. நாற்பது சட்டமாகாது. கோடு பதினைந்துக்கு இறங்கும். எண் என்ன சொன்னாலும், வலிக்கிறது என்று நோயாளி சொல்வதையும் டாக்டர் கேட்டு எழுதியே ஆக வேண்டும். திருப்பி அனுப்பப்பட்டவர்களை ஆஸ்பத்திரிகளே தேடிக் கூப்பிட வேண்டும். எலிக்கூடங்களில் தினசரிக் குத்தல் நிறுத்தப்படும். நடந்ததை இருபது பேரும் உள்ளபடி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

"வேற ஏதாவது உண்டா?" என்று கேட்டார் சேஷகிரி.

"அலகோட பேர மாத்தணும் சார்" என்றாள் குழல்வாய்மொழி.

"எதுக்கு மேடம்?" என்று மெர்சி பதறினார். "நீங்க இல்லேன்னா இன்னைக்கு..."

"ஒரு அலகுக்கு உயிரோட இருக்கிற ஒருத்தி பேர வெச்சுட்டா, அது தப்புன்னு சொல்ல மத்தவங்களுக்கு மனசு வராது. எனக்கே வரலியே! புதுப் பேர் யார் பேராவும் இருக்க வேண்டாம்."

ஊரில் ஆவுடையப்பன் பஸ் நிலையத்துக்கே வந்து காத்திருந்தார். அவளைக் கண்டதும் அவள் பையை வாங்கிக்கொண்டார். "எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிருவாங்கன்னு பயந்துட்டேம்மா" என்றார். "நல்ல வேளை, என் பேச்சக் கேக்கல நீங்க." பையை வீடு வரைக்கும் அவரே சுமந்து வந்தார்.

* * *

தை மாதம் அரசு ஆஸ்பத்திரியில் வரிசை நீளமாக இருந்தது. முன்பு திருப்பி அனுப்பப்பட்டவர்களைக் கூப்பிட்டிருந்தார்கள். குழல்வாய்மொழியும் பூரணமும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு பீடி சுற்றும் அம்மா. கழுத்திலிருந்து விரல்வரை நரம்பு இழுக்கிறதாம், மூன்று வருஷமாக நடையாய் நடந்தாராம்.

"இப்பல்லாம் நல்லாக் கேக்குறாங்க" என்றார் அந்த அம்மா. "எங்க வலிக்குது, எப்பலேருந்து வலிக்குதுன்னு மொகத்தப் பார்த்துக் கேக்குறாங்க. முன்னாடி அந்தக் குழல்னு ஒண்ணு வெச்சிருந்தாங்கல்ல? எவளோ ஒருத்தி, எலியக் குத்திப் பார்த்து மனுசனுக்குக் கோடு போட்டாளாம். பாவி மக. நம்மள எவ்வளவு அலைய விட்டா!"

பூரணம் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அப்புறம் வேற ஒரு மகராசி வந்தாளாம். சென்னைக்கே போயி, அத்தனை பெரிய மனுசங்களுக்கு நடுவுல நின்னு, இது தப்பு, நிப்பாட்டுங்கன்னு சண்டை போட்டு நிப்பாட்டினாளாம். அவ பேர்கூட யாருக்கும் தெரியல பாருங்க. அவ பிள்ளகுட்டியோட நல்லா இருக்கணும்."

பூரணத்தின் வாய் திறந்துவிட்டது. குழல்வாய்மொழி அவள் மணிக்கட்டை மெல்ல அழுத்தினாள்.

அதைக் கவனித்த அந்த அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏம்மா, உங்களுக்கு அவங்களத் தெரியுமா?"

"முதல் ஆள நல்லாத் தெரியும்" என்றாள் குழல்வாய்மொழி. "ரெண்டாவது ஆளு இப்பத்தான் பழக்கம்."

உள்ளேயிருந்து நர்ஸ் பூரணத்தின் பெயரைக் கூப்பிட்டாள். பூரணம் எழுந்தாள். கூட்டம் வழிவிட்டது. யாரோ பெரிய இடத்து மனுஷியை அழைத்துப் போகிற தோரணையில் தம்பி பெண்டாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு, எரிகிற காலை எட்டி எட்டி வைத்து முன்னே நடந்தாள்.